லாஃப்லிக்கு வேண்டிய சாமான்கள்

சாரம், புதுச்சேரி
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மரி அக்காவுக்கு ஆலேன் எழுதுவது.

நானும் வினோதாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சௌக்கியமாகவே இருக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மண்டியிட்டு மண்டியிட்டு வந்த உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் கார்மேல் மடத்தில் போன் கிடையாது, வாசல் தாண்டவும் கூடாது. அதனால் நீ பிரான்சுக்குப் போன நாளிலிருந்து நமக்குள் கடிதம்தான். வருடத்துக்கு இரண்டு எழுதுவேன். இந்த வருடம் மூன்றாவது எழுதுகிறேன் என்றால் காரியம் இருக்கிறது என்று நீயே கண்டுபிடித்திருப்பாய்.

காலாப்பட்டில் மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், காட்டாமணக்குச் செடிக்குள் ஒரு பட்டாளத்து லாரி நிற்கிறது. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது விட்டுவிட்டுப் போனது. பெயர் லாஃப்லி. ஆறு சக்கரம், ஆறும் இழுக்கும். மேடு தட்டினால் ஏறிக்கொள்ள மூக்குக்குக் கீழே இரண்டு குட்டிச் சக்கரம் வேறு. ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. இந்த மாதிரி வண்டி நம் பக்கத்தில் இன்னொன்று இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

காலாப்பட்டுக் குப்பத்தில் குமாரவேல் என்று எனக்கு ஒரு கூட்டாளி. மீன்பிடிக்கிறவன், படகு எஞ்சினைக் கழற்றி மாட்டுவதில் கில்லாடி. அவனும் நானும் வண்டியைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்த்தோம், முடிவு செய்துவிட்டோம். அங்கே படகை மணலில் ஏற்ற டிராக்டரைக் கூப்பிடுகிறார்கள். ஈர மணலில் அது தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இது உட்காராது.

குப்பத்துத் தலைவர் தெய்வசிகாமணியிடம் போய்க் கேட்டோம். "அடுத்த வருசம் மீன்பிடித் தடை முடியற அன்னிக்கு ஒரு படக மணல் மேட்டுல ஏத்திக் காட்டு. ஏத்திட்டா வண்டி ஊருக்கு, டிரைவரு நீ. இல்லன்னா காயலான் கடைக்குப் போவட்டும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முப்பது வருடம் பஸ் ஓட்டினேன் அக்கா. வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து வாசலில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸின் கியர் சத்தத்தைக் கேட்டு அதை ஓட்டுகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஓட்ட ஒரு வண்டி வேண்டும். இதைத்தான் ஓட்டப்போகிறேன்.

சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். நீதான் ஏதாவது செய்யவேண்டும். உனக்கு அங்கே கேட்க வசதியாக, அப்பா சொல்கிற பிரெஞ்சு வார்த்தையிலேயே எழுதுகிறேன்: முதலில் நாலு பூஜி வேண்டும். நாலும் ஒரே மாதிரி, பழைய வகையாக இருக்கவேண்டும். அது இல்லாமல் இந்த வண்டிக்கு உயிர் வராது.

வாசல் தாண்டாத உனக்கு வாசல் வாசலாகப் போகிற வேலை வைக்கும் தம்பி,
ஆலேன்

◆

கார்மேல் மடம், பிரான்சு
2 செப்டம்பர் 2024

என் செல்லத் தம்பி ஆலேனுக்கு,

ஆண்டவர் உன்னையும் வினோதாவையும் காப்பாராக. என் முழங்கால் என்னோடு சேர்ந்து கிழடாகிறது, வேறொன்றுமில்லை. உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதாமல் 'மாத்திரை போடுகிறேன்' என்று எழுதினால் நான் ஏமாந்துவிடுவேனா? உன்னிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாயே, என்ன பூஜைக்கா? இங்கே வா. நல்ல வைத்தியம் நடக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன், சாகும்வரை எழுதுவேன்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்து நான் அழுதேன், தம்பி. கோயில் வாசலில் செருப்பைக் காவல் காக்கிறேன் என்று சொல்லி உள்ளேயே வராமல் இருந்தவன் நீ. நீ நாலு பூஜி கேட்டாயே! அது இல்லாமல் உயிர் வராது என்றும் எழுதினாயே! எங்கள் மடத்துத் தலைவி மாமேரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

எங்கள் தேன்கூட்டு மெழுகிலேயே, நீ சொன்னபடி பழைய வகையில், நாலும் ஒரே உயரமாக நானே வார்த்தேன். கோயில் பீடத்தில் வைத்து ஜெபித்து அனுப்புகிறேன். வண்டியின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று ஏற்று. காற்று அடித்தால் கண்ணாடிக் குவளைக்குள் வை.

சந்தோஷத்தில் இரண்டு நாளாகத் தூக்கம் வராத உன் அக்கா,
மரி

◆

சாரம்
24 செப்டம்பர் 2024

அக்கா,

நாங்கள் சுகம். நீயும் உன் மாமேரும் சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் அடுத்த வரியைப் படிக்கத் தெம்பு வேண்டும்.

பூஜி என்றால் பிளக், அக்கா! எஞ்சினில் நெருப்புப் பொறி தட்டுகிற பிளக்! மெழுகுவர்த்திக்கும் அதுதான் பெயர் என்பதை நான் மறந்தேன், எஞ்சின் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை நீ மறந்தாய். அப்பா மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு "பூஜி எங்கடா, பூஜி எங்கடா" என்று வீட்டையே இரண்டாக்குவாரே, அந்த பூஜி.

பார்சலைக் காலாப்பட்டுக்கே எடுத்துப் போய், குமாரவேல் எதிரில் பெருமையாகப் பிரித்தேன். அவன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான். "இன்னா ஆலேனு, தேன் வாசன அடிக்குது? எஞ்சினுக்கு மெழுவத்தி ஏத்திக் கும்புடறதா?" என்று கேட்டான். இப்போது குப்பம் முழுக்க எனக்குப் பூஜி சாமி என்று பெயர்.

கோபம் இல்லை. நீ அழுததை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இரண்டை வினோதா மாதா படத்துக்கு முன்னால் ஏற்றினாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு, கரன்ட் போனபோது தீர்ந்தன.

இந்த முறை படம் போட்டு அனுப்புகிறேன். பிளக் நாலு. நெருப்பைப் பிரித்துக் கொடுக்கிற டெல்கோவுக்கு மூடி ஒன்று. தண்ணீர் பம்புக்குச் சக்கரம் ஒன்று. பிரேக்கையும் டயரையும் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.

பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கடல் இந்தப் பக்கம் இருக்கிறது, வண்டி இந்தப் பக்கம் இருக்கிறது. நான் எதற்கு அந்தப் பக்கம் வருகிறேன்?

உன் பூஜி சாமி,
ஆலேன்

◆

கார்மேல் மடம்
20 அக்டோபர் 2024

பூஜி சாமியாருக்கு மரியின் ஆசீர்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, எனக்குச் சளி, மற்றபடி நலம். உன் கடிதத்தை ஓய்வு வேளையில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் தொண்ணூறு வயதுச் சகோதரி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகைத் தட்டவேண்டியதாகிவிட்டது. மாமேர் மட்டும் சிரிக்காமல், "உங்கள் தம்பி கேட்டது கிடைக்கவில்லையே, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

செய்தேன். எங்களிடம் ஜெபம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். பாதிப்பேர் கணவனை இழந்த அம்மாக்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: உங்கள் வீட்டுக் கொட்டகையில் லாஃப்லி என்கிற பழைய பட்டாள லாரியின் சாமான் ஏதாவது கிடக்கிறதா?

தம்பி, இந்த நாட்டில் செத்துப்போன ஆண்கள் எல்லோரும் கொட்டகையில் எதையாவது சேர்த்து வைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் டெல்கோ மூடியும் பூஜியும் அனுப்பினாள். பூஜி என்றால் என்ன என்று இப்போது எனக்கும் தெரியும். இன்னொருத்தி, "இந்த இரும்பை எடுத்துக்கொண்டு என் புருஷனுக்காக ஜெபியுங்கள், எனக்கு இடம் கிடைத்தால் போதும்" என்று எழுதினாள். வேறொருத்தி தன் அண்ணன் முசியே ஃப்ளோரானின் விலாசம் கொடுத்தாள். பட்டாளத்துப் பட்டறையில் வேலை பார்த்த மெக்கானிக், எண்பது தாண்டியவர். லாஃப்லி என்று எழுதியதும் எனக்கு எட்டுப் பக்கம் பதில் போட்டார். தண்ணீர் பம்புச் சக்கரத்தை அவரே கடைந்து தருகிறார். உனக்கு எது வேண்டுமானாலும் இனி அவரைக் கேட்கிறேன்.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வருவதையும் பிரிப்பதில்லை. அதனால் வழக்கமான கம்பளி சாக்ஸை இப்போதே பின்னி வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் எதற்குக் கம்பளி என்று வருடா வருடம் கேட்காதே. சர்க்கரைக்காரன் காலைத் திறந்து போட்டுக்கொண்டு அலையக்கூடாது.

கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து,
மரி

◆

சாரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். இங்கே எல்லோரும் நலம். உன் சளி போய்விட்டதா?

சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. சாக்ஸும் கிடைத்தது. ரொம்ப நாளைக்கு வரும்.

நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. சாரத்தில் தெருவெல்லாம் ஆறு. இரண்டு நாள் தண்ணீரில்தான் நடந்தோம். காலில் ஒரு ஆணி குத்தியது, பெரிதில்லை. குப்பத்தில் நடந்ததுதான் பெரிது. புயலுக்கு முந்தின நாள் படகுகளை மேட்டில் ஏற்ற டிராக்டர் வந்து, மூன்றாவது படகிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டது. மீதிப் படகுகளைக் கையால் தள்ளினார்கள். எல்லாவற்றையும் தள்ள முடியவில்லை. குமாரவேலின் தம்பி படகு இரண்டாகிவிட்டது. லாஃப்லி மட்டும் ஓடியிருந்தால் என்று குமாரவேல் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னவோ செய்கிறது.

டிசம்பரில் வேலை நடக்கவில்லை. மழைதான்.

போன வாரம் எஞ்சின் கிளம்பியது! குமாரவேல் கைப்பிடியைச் சுற்றினான், நான் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் புகை, பிறகு ஒரு இருமல், பிறகு உங்கள் தொண்ணூறு வயதுச் சகோதரி மாதிரி நிற்காமல் ஒரு சிரிப்பு. குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

ஒன்று வேண்டும். முசியே ஃப்ளோரானிடம் கேள். கிளட்ச்சைக் காலால் மிதிக்காமல் கையால் இழுக்கிற மாதிரி ஒரு லீவர் செய்யமுடியுமா? மணலில் செருப்பு வழுக்குகிறது, கை என்றால் வசதி. சீக்கிரம் வேண்டும்.

தம்பி,
ஆலேன்

◆

கார்மேல் மடம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஆலேன்,

சுகம். நீ?

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நீ எப்போதும் பக்கத்தின் இரண்டு புறமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதுவாய். இது ஒரு பக்கம். உறையில் விலாசம் வினோதாவின் கையெழுத்து. தபாலாபீசுக்கு நீ போகவில்லையா?

வண்டி கிளம்பியபோது குமாரவேல் சுற்றினான், நீ உட்கார்ந்து பார்த்தாய் என்று எழுதியிருக்கிறாய். நீ எங்கேயடா உட்கார்ந்து பார்த்தாய்? பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளுக்குக் காற்றடித்தாலும் பம்பைப் பிடுங்கி நீ அடிப்பாயே. சாக்ஸ் எதற்கு என்று இந்த வருடம் நீ திட்டவும் இல்லை.

லீவர் விஷயத்தை முசியே ஃப்ளோரானுக்கு எழுதிவிட்டேன், செருப்பு வழுக்குகிற கதையையும் சேர்த்து.

மார்ச் ஐந்தாம் தேதி தவக்காலம் பிறக்கிறது. பிறகு ஈஸ்டர் வரை நான் எழுதமுடியாது. அதற்குள் உன்னிடமிருந்து ஒரு முழுக் கடிதம் வரவேண்டும்.

பயத்துடன்,
அக்கா

◆

கார்மேல் மடம்
14 மார்ச் 2025

தம்பி,

பிப்ரவரி முழுக்க உன் கடிதம் வரவில்லை. இது தவக்காலம். மாமேரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன்.

முசியே ஃப்ளோரானின் பதில் தவக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. இந்த மாதிரி லீவரைத் தன் வாழ்நாளில் மூன்று பேருக்குச் செய்தாராம். மூவரும் சண்டையிலிருந்து காலில்லாமல் திரும்பியவர்கள்.

எந்தக் கால்?

மரி

◆

சாரம்
29 மார்ச் 2025

அக்கா,

இடது கால். முழங்காலுக்குக் கீழே.

அந்த ஆணிதான். தண்ணீர் வடிவதற்குள் விரல் கறுத்துவிட்டது. கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு இது. உயிரைக் காப்பாற்றினார்கள், அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை. கிறிஸ்துமஸ் அன்று அங்கேதான் படுத்திருந்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வினோதாவிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான். அவளைத் திட்டாதே.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை எடு, விமானம் ஏறு, இங்கே நல்ல வைத்தியம், அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கொள்ளும். அக்கா, அங்கே ஒரு அறையில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து எனக்கு சூப் கொடுப்பார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது, சூப்புக்குப் பதில் கஞ்சி. வருகிறவர்கள் எல்லாம் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். "கால் எப்படி இருக்கு?" என்கிறார்கள். இல்லாததைப் பற்றி என்னவென்று பதில் சொல்வது?

எனக்கு அழுகை வருகிறது அக்கா. ராத்திரியில் இல்லாத பாதம் அரிக்கிறது. ஆனால் லாஃப்லியின் ஓட்டுநர் சீட்டில் குமாரவேல் என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்த உடனே அரிப்பு நிற்கிறது. இது பொய் இல்லை.

தெய்வசிகாமணி ஆள் அனுப்பியிருந்தார். "வண்டி ரெடியானா குமாரவேலு ஓட்டட்டும், ஆலேன் மேற்பார்வ பாக்கட்டும்" என்கிறாராம். மேற்பார்வையா? முப்பது வருடம் ஒரு கோழியைக்கூட அடிக்காமல் பஸ் ஓட்டினேன், எனக்கு மேற்பார்வை. நேரே போய், கட்டையை ஊன்றிக்கொண்டே போய், "தடை முடியற அன்னிக்கு நான்தான் ஓட்டுவேன். படகு ஏறலன்னா வண்டியும் வேணாம், நானும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ரோட்டில் ஓட்டப்போவதில்லை, மணலில் மட்டும். வலது காலுக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போதும். இடது காலின் வேலையைச் செய்ய எனக்கு அந்த லீவர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

லீவரை அனுப்பு. பாஸ்போர்ட் பேச்சை எடுக்காதே.

ஆலேன்

◆

கார்மேல் மடம்
22 ஏப்ரல் 2025

ஆலேன்,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. எனக்கு அது இன்னும் வரவில்லை.

தவக்காலம் முடியாததால் உன் கடிதத்தை ஈஸ்டர் அன்று மதியம்தான் கொடுத்தார்கள். எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நான் தோட்டத்துக் கடைசியில் போய் உன்னைத் தமிழில் திட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் எல்லா வார்த்தையும் அப்படியே வாயில் வந்தது. சாக்ஸ் ரொம்ப நாளைக்கு வரும் என்றா எழுதினாய், பாவி? ஒரு ஜோடிக்கு இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டாயா?

நான் உன் அக்கா. உன் கால் போனதை எண்பது தாண்டிய யாரோ ஒரு மெக்கானிக் எனக்குச் சொல்லவேண்டுமா?

இப்போது கேள். லீவர் வந்துவிட்டது. முசியே ஃப்ளோரான் கை நடுங்குகிற வயதில் செய்தது மாதிரி இல்லை, அவ்வளவு சுத்தமான வேலை. கிளட்ச்சை இழுத்தபடியே நிறுத்திவைக்க ஒரு கொக்கி வைத்திருக்கிறார். கொக்கியில் மாட்டிவிட்டு அதே கையால் கியர் போடலாமாம். ஒரு வாரம் அதை என் அறையில், கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். அனுப்பாமல் விட்டால் நீ ஓட்டமுடியாது, ஓட்டமுடியாவிட்டால் இங்கே வருவாய். அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாள் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு ஜெபத்தில் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை, ஜன்னல் ஓரத்தில் நீ சூப் குடிப்பதுதான் வந்தது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அதனால் அனுப்புகிறேன். ஆனால் முழுசாக இல்லை. லீவரையும் கிளட்ச் கம்பியையும் சேர்க்கிற இரும்பு முளை, பின் என்கிறார்கள், என் பையில் இருக்கிறது. அது இல்லாமல் லீவர் வெறும் இரும்பு. சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிய சீட்டும், செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்தாயிற்று என்று வினோதாவின் கையெழுத்தில் ஒரு வரியும் வந்தால்தான் பின் வரும். உன் கையெழுத்தை நான் நம்புவதாக இல்லை.

நீ பிடிவாதக்காரன் என்றால் நான் யார்?
மரி

◆

சாரம்
12 மே 2025

பின்னைக் கையில் வைத்திருக்கும் மேன்மை தங்கிய அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம், இத்துடன் இருக்கும் சீட்டைப் பார்.

லீவர் வந்த அன்று குமாரவேல் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பின் துளைக்குள் விரலை விட்டு, "ஆளு மறந்துட்டாங்களா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா உக்காந்துனு இருக்க? ஒரு போல்ட்ட சொருவனா ஆச்சி. நம்ம ஊரு லேத்துல குடுத்தா டீ குடிக்கறதுக்குள்ள பின்னு ரெடி" என்றான்.

உனக்குத் தெரியாததா அக்கா, நான் மெக்கானிக் ஷெட்டிலேயே வளர்ந்தவன். எனக்கும் தெரியும். அவன் போல்ட்டை எடுத்துக்கொண்டு வந்து துளையில் வைத்தும் பார்த்தான், அளவு சரியாக இருந்தது. எடுடா அதை என்றேன். "மெழுவத்தி அனுப்பன அக்காவா? அவங்க பின்னு வர்றவரைக்கும் நிக்கறதா?" என்றான். ஆமாம், நிற்பதுதான் என்றேன். சரி, சாமி என்று போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நீ பூட்டு போட்டாய் என்பதற்காக நான் மருந்து சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு அனுப்பினாயே, அதற்காகச் சாப்பிடுகிறேன். சோற்றைக் குறைத்துவிட்டேன். வினோதா கேழ்வரகைக் களியாகவும் அடையாகவும் கூழாகவும் மாற்றி மாற்றிப் போடுகிறாள்.

பிரேக் முடிந்தது. டயர் ஆறும் மாட்டியாயிற்று. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

ஆலேன்

(அண்ணிக்கு வினோதா எழுதறேன். காலுக்கு அளவு குடுத்துட்டு வந்தாச்சு, நானே கூட்டிட்டுப் போனேன். மன்னிச்சுக்குங்க, சத்தியம் பண்ணிட்டேன், அதான் சொல்லல. ராத்திரியில ஸ்டீயரிங் புடிக்கற மாதிரி கை வெச்சிட்டுத் தூங்கறாரு. பின்ன அனுப்பிடுங்க.)

◆

கார்மேல் மடம்
28 மே 2025

அன்புள்ள ஆலேனுக்கும், நான் துளியும் கோபப்படாத வினோதாவுக்கும்,

சீட்டை எங்கள் மருத்துவர் அம்மா வந்தபோது காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். அவர் சொல்லாவிட்டாலும் வினோதா எழுதிய கடைசி வரிக்கு நான் தோற்றுவிட்டேன்.

அந்தப் பின் இந்த உறையிலேயே இருக்கிறது, துணியில் சுற்றித் தைத்திருக்கிறேன். முசியே ஃப்ளோரான் சொல்லச் சொன்னது: லீவரைச் சட்டென்று விடாதே. மணலில் பாதி விட்டு, வண்டி மூச்சு வாங்கும்வரை பொறு, பிறகு மீதியை விடு.

நான் சொல்வது: இங்கே வா என்று இனி எழுதமாட்டேன். சாகும்வரை எழுதுவேன் என்றேன், அதை வாபஸ் வாங்குகிறேன். நீ எங்கே இருந்தால் நீயாக இருப்பாயோ அங்கே இரு. எனக்கு வருத்தம்தான். உன்னை இனிக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

தடை முடிகிற ஜூன் பதினான்காம் தேதி இங்கே எல்லோரும் உனக்காக ஜெபிப்பார்கள். படகின் எடை எவ்வளவு என்று அந்தத் தொண்ணூறு வயதுச் சகோதரி கேட்கிறார்.

உன் அக்கா,
மரி

◆

சாரம்
14 ஜூன் 2025, மாலை

அன்புள்ள மரி அக்காவுக்கு,

நலம். வலது கால் ஓய்ந்துபோயிருக்கிறது, கை எரிகிறது. இப்போதே எழுதாவிட்டால் நீ தூங்கமாட்டாய்.

உன் பின் நேற்று முன்தினம் வந்தது. நானே மாட்டினேன். இன்று காலை காலாப்பட்டில் குப்பமே கரையில் நின்றது. குமாரவேலின் படகைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தி வடத்தைக் கட்டினார்கள். தெய்வசிகாமணி கையைக் கட்டிக்கொண்டு மேட்டின் மேல் நின்றார்.

முதல் தடவை லீவரைச் சட்டென்று விட்டுவிட்டேன். முசியே ஃப்ளோரான் அவ்வளவு சொல்லியும், பதற்றம். வண்டி ஒரு துள்ளு துள்ளி, செத்துப்போனது. கூட்டமே தலையைக் குனிந்துகொண்டது. அது ஏளனம் இல்லை அக்கா, பரிதாபம். எனக்கு அதுதான் தாங்காது. தெய்வசிகாமணி கீழே இறங்கி வந்து, மெதுவாக, "உடு ஆலேனு, குமாரவேலு ஏறட்டும்" என்றார்.

குமாரவேல் ஒரு மாதமாக ஐஸ் கம்பெனி வளாகத்துக்குள் இந்த வண்டியை முன்னும் பின்னும் ஓட்டியவன். அத்தனை பேர் எதிரில் சொன்னான்: "எனுக்கு இத ஓட்ட வராது தலைவரே. அவருக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

இரண்டாவது தடவை லீவரைப் பாதி விட்டேன். பொறுத்தேன். வடம் முறுக்கிக்கொண்டு எழுந்தது. ஆறு சக்கரமும் மணலைக் கவ்வியது உட்கார்ந்த சீட் வழியாகவே உடம்புக்குத் தெரிந்தது. மீதியை விட்டேன். படகு நகர்ந்தது. மேட்டின் விளிம்பில் மூக்குத் தட்டியபோது அந்தக் குட்டிச் சக்கரங்கள் உருண்டு ஏறிக்கொண்டன. அவற்றைப் பார்த்துத்தான் ஊரே சிரித்தது. படகு மேலே வந்து நின்ற பிறகுதான் நான் மூச்சு விட்டேன். பெண்கள் குலவை போட்டார்கள். குமாரவேலின் தம்பி, படகு இரண்டான அந்தப் பையன், லாரியின் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான்தான் ஓட்டினேன் அக்கா. உங்கள் சகோதரியிடம் சொல், எடை எவ்வளவென்று தெரியாது, ஏறிவிட்டது.

டிசம்பரிலிருந்து என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது காலைப் பற்றித்தான். தெய்வசிகாமணி வண்டிக்குப் பக்கத்தில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் அதைத்தான் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கடலைப் பார்த்தார், வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார், பிறகு எரிச்சலாக, வேலைக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டார்:

"நாளைக்கு எத்தினி மணிக்கு வருவ?"

உன் தம்பி,
ஆலேன்